கோட்டிலேயே உட்கார்ந்த புள்ளிகள்

என் தங்கையைப் பற்றி யாராவது "பாவம், சாது" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாதுவாவது மண்ணாங்கட்டியாவது. குரலை உயர்த்தாமலேயே ஒரு வீட்டையும் ஒரு ஆபீசையும் தலைகீழாக்கத் தெரிந்தவள் அவள். கூடவே இருந்து அனுபவிக்கிற எனக்குத்தான் அந்த அருமை தெரியும்.

வயது நாற்பது. வீட்டில் இன்னமும் குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். நான் அவளுக்கு மூத்தவள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றை நடத்துகிறேன். பயந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து நாளெல்லாம் "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்துகிற பிழைப்பு. இருக்கிற பொறுமையெல்லாம் அங்கேயே செலவாகிவிடும், வீட்டுக்கு மிச்சம் வருவதில்லை. என் கணவருக்குக் கப்பலில் வேலை என்பதால் வருஷத்தில் பாதிக்கு மேல் வீட்டில் அம்மா, நான், குட்டி மூன்று பேர்தான்.

குட்டிக்குச் சுகாதார அலுவலகத்தில் ஒப்பந்த வேலை. பதினோரு மாதம் முடிந்ததும் ஒரு நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் மறுபடி எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது வருஷமாக இதே கூத்து. அந்த ஒரு நாள் வந்தாலே அம்மா துடைப்பத்தைக் கையில் எடுத்துவிடுவாள். மறுபடி எடுக்காவிட்டால் என்ன செய்வது என்று முணுமுணுத்தபடி வீட்டைப் பெருக்கிக்கொண்டே இருப்பாள். பெருக்கின இடத்தையே பெருக்குவாள்.

குட்டி என்னதான் வேலை பார்க்கிறாள் என்பது எங்கள் மண்டையில் ஏறவே வெகுகாலம் பிடித்தது. கம்ப்யூட்டருக்குள் எங்கள் ஊரைப் போலவே ஓர் ஊரைக் கட்டி வைத்திருக்கிறாள். நிஜ ஊரில் எத்தனை பேரோ அத்தனை பொம்மை ஆட்கள். ஒவ்வொன்றுக்கும் வயசு உண்டு, வீடு உண்டு, பஸ் உண்டு, போகிற இடம் உண்டு. அதில் நாலைந்து பேருக்குக் காய்ச்சலைக் கொடுத்துவிட்டு, அது எப்படிப் பரவுகிறது என்று ஓட்டிப் பார்ப்பாள். பள்ளியை மூடினால் என்ன ஆகும், பஸ்ஸைக் குறைத்தால் என்ன ஆகும், எத்தனை படுக்கை வேண்டும் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி ஓட்டுவாள். ஒரு தடவை இல்லை, ஆயிரம் தடவை. ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி முடியும்.

ஒரு நாள் அம்மா கேட்டாள்: "அதுக்குள்ள நானும் இருக்கேனா?"

"உன்னை மாதிரி ஒருத்தி இருக்காம்மா."

"அவளுக்குக் காய்ச்சல் வருதா?"

"சில தடவை வருது."

"வந்து?"

குட்டி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். "ஒண்ணும் ஆகலைம்மா" என்று சொல்லிவிட்டுப் போவதற்கென்ன? அம்மா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பெற்ற தாயைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொன்றுவிட்டாள் என்று கப்பலில் இருந்த மருமகனுக்குப் போன் போட்டுப் புகார் சொன்னாள்.

குட்டியின் இயக்குநருக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் ஒத்தை நம்பர். காரணம் இருக்கிறது. குட்டி போய், "அடுத்த மாசம் முந்நூறிலிருந்து தொள்ளாயிரம் பேர் வரைக்கும் ஆஸ்பத்திரியில சேரலாம் சார்" என்பாள். அவர் முகம் சுளிப்பார். "என்னம்மா இது, காய்கறி விலை மாதிரி? ஒரு நம்பர் சொல்லுங்க, ஒரே நம்பர்." ஏன் ஒரே நம்பர் சொல்ல முடியாது என்று இவள் விளக்குவாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அறுநூறு" என்று எழுதிக்கொள்வார். அந்த அறுநூறு கீழே இறங்கும்போது கல்லில் செதுக்கிய அறுநூறு ஆகிவிடும். தினமும் சாயங்காலம் காரில் ஏறியதும் இந்தக் கதைதான். கேட்டுக் கேட்டு என் காதே புளித்துப்போயிற்று.

இந்த லட்சணத்தில் போன வருஷம் அந்தக் காய்ச்சல் வந்தது. இருமல், மூச்சுத் திணறல், வயசானவர்களைப் படுக்கையில் தள்ளுகிற ரகம். ஆஸ்பத்திரியில் இடம் போதாமல் உள் விளையாட்டரங்கத்தில் கட்டில் போட்டுத் தற்காலிக வார்டு திறந்தார்கள். குட்டி வீட்டுக்கு வருவது தூங்குவதற்கு மட்டும்தான். வாராவாரம் ஊரிலிருக்கும் ஒவ்வொரு சின்ன ஆஸ்பத்திரிக்கும், உங்களுக்கு இத்தனை பேர் வரலாம் என்று, இயக்குநர் சொன்னபடி ஒரே நம்பராக, கணிப்பு போகும். அங்கிருந்து, இத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கு வரும். இரண்டையும் ஒரே படத்தில் வரைவாள். கணிப்பு ஒரு கோடு. வந்த கணக்கு அதைச் சுற்றிப் புள்ளிகள். ஆரம்பத்தில் புள்ளிகள் கோட்டுக்கு மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. போகப் போகக் கோட்டை நெருங்கின. கடைசியில் கோட்டின் மேலேயே வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

ஒத்தை நம்பர் குதித்தார். வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து சுவரில் மாட்டிய படத்தைப் பார்த்துவிட்டு இவளுக்குக் கை கொடுத்தார்கள். கோடு இறங்குமுகமாக இருந்தது, புள்ளிகளும் கூடவே இறங்கின. இனி பயமில்லை, அடுத்த வெள்ளிக்கிழமை விளையாட்டரங்க வார்டை மூடிவிடலாம் என்று முடிவானது. அதோடு, இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறவளை இனியும் ஒப்பந்தத்தில் வைத்திருப்பது அநியாயம் என்று சொல்லி, நிரந்தர வேலைக்கு உத்தரவும் இயக்குநர் தயார் செய்துவிட்டார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அம்மா அழுதாள். நான் இனிப்பு வாங்கி வந்து என் மாணவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். மகாராணி மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?"

"ரொம்ப சரியா இருக்குக்கா."

"சரியா இருந்தா நல்லதுதானே?"

"நிஜம் இவ்வளவு சரியா இருக்காது."

தலையில் அடித்துக்கொண்டேன். தப்பாக வந்தாலும் அழுகை, சரியாக வந்தாலும் அழுகை. இப்படி ஒருத்தியை என்னதான் செய்வது?

இரண்டு நாள் கழித்துச் சாப்பிடும்போது நான் என் தொழில் கஷ்டத்தைப் புலம்பினேன். லைசென்ஸ் டெஸ்ட் நடக்கிற பாதையில் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியின் கூரையைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், வாசலில் பூட்டு, தெரு முழுக்க மணல், வண்டியைத் திருப்புவதற்குள் என் மாணவி நாலு தடவை இன்ஜினை அணைத்துவிட்டாள் என்றேன். குட்டியின் கை வாய்க்குப் போகாமல் நின்றது.

"எந்த ஆஸ்பத்திரி? தண்ணித் தொட்டி பக்கத்துலயா?"

"அதேதான்."

"எப்போலேர்ந்து பூட்டியிருக்கு?"

"பத்து நாள் இருக்கும்."

"நேத்து அங்கேர்ந்து முப்பத்தேழு பேருன்னு கணக்கு வந்திருக்கு. நான் முப்பத்தெட்டுன்னு அனுப்பியிருந்தேன்."

வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருக்கலாம். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான்.

மறுநாள் காலையில் இரண்டு மாணவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கற்றுக்கொடுக்கிற காரிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து ஆஸ்பத்திரியில் கொத்தனாரையும் சிமெண்ட் மூட்டையையும் தவிர யாரும் இல்லை. நோயாளிகளை அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகவும், கணக்கு எழுதுகிறவரும் அங்கேதான் உட்கார்ந்திருப்பதாகவும் கொத்தனார் சொன்னார். போனோம். வாசல்படி வரைக்கும் வரிசை. மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு ஆட்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

"பாத்தியா? கூட்டத்தைப் பாரு. காய்ச்சல் எங்கடி குறைஞ்சுது?" என்றேன்.

"ரெண்டு ஆஸ்பத்திரிக் கூட்டமும் இங்கதான் வருதுக்கா. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

கண்ணால் பார்த்தாலும் நம்பாது அது. எனக்கு வந்த ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

கணக்கு எழுதுகிறவர் மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இவள் யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றுவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. ஒளிவு மறைவு கொஞ்சமும் இல்லை.

"மேடம், உங்க கணிப்பு வந்ததும் அதையே ஒண்ணு ரெண்டு கூடக் குறையப் போட்டு அனுப்பிடுவேன். அதான் கரெக்டா இருக்கே! நாங்க எண்ணினாக்கூட அவ்வளவு கரெக்டா வராது."

குட்டியின் முகத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. உள்ளேயிருந்து ஊசியும் கையுமாக வந்த மூத்த நர்ஸ் அவரைப் போல இல்லை. அவருக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது.

"பின்ன என்ன பண்ணச் சொல்றீங்க? நாங்க எண்ணி அனுப்பினோம். உங்க நம்பரோட ஒத்துப்போகலைன்னா உடனே மேலேர்ந்து போன். ஏன் ஒத்துப்போகலை, காரணம் எழுதி அனுப்புன்னு. காய்ச்சல் வந்தவங்க வந்தாங்க, இதுல நான் என்ன காரணம் எழுதறது? நான் ஊசி போடுவேனா, கதை எழுதுவேனா? உங்க நம்பரையே போட ஆரம்பிச்சோம், போன் நின்னுச்சு. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இதே கதைதான், கேட்டுப் பாருங்க."

"எப்போலேர்ந்து?" என்றாள் குட்டி.

"அதெல்லாம் யார் ஞாபகம் வெச்சிருக்கா? நகருங்க, அந்தப் பெரியவருக்கு மூச்சு வாங்குது."

காரில் ஏறியதும் குட்டி சொன்னாள், அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்ததே அவள்தானாம். கணிப்பும் கணக்கும் விலகினால் ஏன் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று முதல் வாரத்தில் இவளே எழுதிக் கொடுத்திருக்கிறாள். தன் கணிப்பில் எங்கே கோளாறு என்று தெரிந்துகொள்ளத்தான். அது இயக்குநர் மேஜையில் கொஞ்சம் முறுக்கேறி, உதவியாளர் மேஜையில் இன்னும் முறுக்கேறி, கடைசியில் நர்ஸ் காதில் விழும்போது மிரட்டலாகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. இவள் சொன்னதை ஊரெல்லாம் கிளிப்பிள்ளையாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டுவிட்டு, ஆகா எவ்வளவு சரி என்று அடுத்த வாரத்துக்கும் அதே கோட்டை நீட்டியிருக்கிறாள்.

"சரி, இப்போ நிஜத்துல காய்ச்சல் கூடுதா குறையுதா?"

"தெரியலைக்கா. குறைஞ்சுக்கிட்டே இருக்கலாம். திரும்பி ஏறவும் ஆரம்பிச்சிருக்கலாம்."

"வார்டுல பாதிக் கட்டில் காலின்னு சொன்னியே?"

"இன்னைக்கு இங்க நிக்கிறவங்க அங்க போய்ப் படுக்கப் பத்து நாள் ஆகும். அதுக்குள்ள மூடிட்டா எங்க படுப்பாங்க?"

நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவளிடம் கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். முதலில் கையெழுத்து ஆகட்டும், நிரந்தர உத்தரவு கைக்கு வரட்டும், அப்புறம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றேன். ஒன்பது வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு வாரம் பொறுக்க முடியாதா? அம்மாவை நினைத்துப் பார், என்றேன்.

"வெள்ளிக்கிழமை மூடிடுவாங்கக்கா" என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கூட்டத்தில் நடந்ததை அவள் சொன்னபடி சொல்கிறேன். அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள், வார்டை மூடுவதற்காகக் கூடிய கூட்டம் அது. நீள மேஜை, சுவரில் அந்தப் படம், எல்லார் முகத்திலும் சந்தோஷம். குட்டி எழுந்து, இந்தப் புள்ளிகளை நம்ப வேண்டாம், இவை என் கணிப்பின் நகல்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஒத்தை நம்பருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துவிட்டது.

"அப்போ நிஜமான நம்பர் என்ன?"

"தெரியாது சார்."

"கூடுதா, குறையுதா? அதையாவது சொல்லுங்க."

"அதுவும் தெரியாது சார்."

"ஒன்பது வருஷம் சம்பளம் வாங்கிட்டு, தெரியாதுன்னு சொல்ல இவ்வளவு பேரைக் கூட்டி வெச்சிருக்கீங்களா?"

"ஒரு வாரம் குடுங்க சார். கணிப்பை யாருக்கும் அனுப்ப மாட்டேன். போன் பண்ணிக் காரணமும் கேக்க வேண்டாம். அவங்க எண்ணி அனுப்பட்டும். அதுவரைக்கும் வார்டு திறந்திருக்கட்டும்."

ஒரு வாரத்துக்கு அரங்க வாடகை, நர்ஸுகள், சாப்பாடு எல்லாவற்றுக்கும் யார் பதில் சொல்வது என்று அவர் கேட்டிருக்கிறார். நான் சொல்கிறேன் என்றிருக்கிறாள் இவள். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்து மூடினாராம்.

"சரி. ஒரு வாரம். குறைஞ்சுதான் இருக்குன்னு வந்தா, ஒண்ணுமில்லாததுக்கு என்னை நாலு பேர் முன்னாடி முட்டாளாக்கினீங்கன்னு அர்த்தம். அந்த ஆர்டரை நானே கிழிச்சுப் போடுவேன். ஒப்பந்தமும் நீட்ட மாட்டேன்."

"சரி சார்" என்றிருக்கிறாள், கடையில் மிச்சச் சில்லறை வாங்குகிறவள் மாதிரி.

ஆக, ஊரில் காய்ச்சல் கூடியிருந்தால் இவளுக்கு வேலை. குறைந்திருந்தால் தெரு. இதை வீட்டில் வந்து சொன்னபோது அம்மா முதலில் இயக்குநரைத் திட்டினாள், பிறகு இவளைத் திட்டினாள், பிறகு படிக்க வைத்த தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் செய்தது இருக்கிறதே, அதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அடுப்பங்கரையில் நின்றுகொண்டு கண்ணை மூடி முணுமுணுத்தாள்: "கடவுளே, நிறைய பேருக்குக் காய்ச்சல் வரட்டும்."

"அம்மா!" என்று அதட்டினேன்.

"சாகட்டும்னா சொன்னேன்? காய்ச்சல்தானே? வந்துட்டுப் போகட்டும்."

அதட்டிய நான் மட்டும் என்ன ஒழுங்கு? அந்த வாரம் எந்தத் தெருவில் வண்டி ஓட்டினாலும் மருந்துக் கடை வாசலைத்தான் பார்த்தேன். கூட்டம் இருந்தால் மனசு லேசாகும். ஒருவர் இருமினால் திரும்பிப் பார்த்து இன்னும் இரண்டு பேர் இருமுகிறார்களா என்று தேடுவேன். என் மாணவி ஒருத்தி தும்மிவிட்டு மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை, நன்றாகத் தும்மு என்றேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குட்டிக்கோ போன் மேல் போன். திங்கட்கிழமை கணிப்பு வராததும் ஊரிலுள்ள அத்தனை சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "மேடம், இந்த வாரம் எங்களுக்கு எத்தனை போடணும்?" என்று ஒருவர். "மேடம், நம்பர் இன்னும் வரலையே, எங்களுக்குக் காய்ச்சல் உண்டா இல்லையா?" என்று இன்னொருவர். "போன வாரத்துதையே போட்டுடவா?" என்று மூன்றாமவர். அத்தனை பேருக்கும் ஒரே பதில்தான். "வாசல்ல நிக்கிறவங்களை எண்ணுங்க. எண்ணினதை அப்படியே அனுப்புங்க. யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க." "நிஜமாவா மேடம்?" என்று கேட்டு, மறுபடி கேட்டு, பிறகுதான் வைப்பார்கள். ஊசி போடுகிற ஆளுக்கு எண்ணத் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது! இப்படி ஓர் அலுவலகம் உலகத்தில் எங்கேயாவது உண்டா என்று நான் கத்தினேன். "நிறைய இருக்கும்க்கா" என்றாள்.

அந்த ஒரு வாரம் முடிகிற வெள்ளிக்கிழமை மத்தியானமே முடிவு தெரிந்துவிட்டது. நான் அவளை அழைத்துவரப் போனபோது அலுவலக வாசலில் காத்திருந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது. போச்சு, குறைந்துவிட்டது, வேலை போய்விட்டது என்று நினைத்தேன். கேட்கப் பயந்து வீடு வரைக்கும் கேட்கவே இல்லை.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அவள் போன் அடித்தது. ஒத்தை நம்பர். அவர் போனில் பேசினால் அடுத்த அறைக்கும் கேட்கும். படமே மாறிப்போயிற்று, கணக்கு போன வாரத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இருக்கிறது, வார்டை மூடவில்லை, மேலும் கட்டில் போடச் சொல்லியாயிற்று, நல்லவேளை நாம் அவசரப்படவில்லை என்றார். நாமாம்! பிறகு, உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், திங்கட்கிழமை வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

அம்மா இரண்டு கையையும் மேலே தூக்கினாள். "கேட்டுட்டான், நான் வேண்டினதைக் கடவுள் கேட்டுட்டான்! எங்கே, வாயைத் திற" என்று சர்க்கரை டப்பாவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள். நானும் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன். ஒன்பது வருஷம், அப்பாடா என்று இருந்தது.

குட்டி வாயைத் திறக்கவில்லை. பை தோளிலேயே தொங்க, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாயிரத்துக்கு மேலம்மா" என்றாள்.

"என்னது?"

"ஆளுங்க. ஒரு வாரத்துல ரெண்டாயிரத்துக்கு மேல வந்திருக்காங்க. பாதிப் பேர் உன் வயசு." பையை மடியில் இறக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்: "வாரம் முழுக்க நான் குறையணும்னுதான்மா வேண்டிக்கிட்டு இருந்தேன்."

"குறைஞ்சிருந்தா உன் வேலை போயிருக்குமேடி!" என்றேன் நான்.

"போயிருக்கும்" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். சின்ன வயசில்கூட அவள் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருமலுக்கெல்லாம் சந்தோஷப்பட்டுக்கொண்டு ஒரு வாரம் தெருத் தெருவாக வண்டி ஓட்டியிருக்கிறேன். அம்மா சர்க்கரை டப்பாவை மெதுவாக மூடி மேஜையில் வைத்துவிட்டு, குட்டியின் பக்கத்தில் போய்க் கேட்டாள்:

"அந்த ரெண்டாயிரம் பேருக்கும் கட்டில் இருக்காடி?"